புல்மோட்டையில் கண்ட ஐரோப்பா

ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்ட குடும்பத்தினர், ஈற்றில் புல்மோட்டையைப் பார்த்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பினோம் என்று கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். எம்முடன் கல்லூரியில் கற்பிக்கும் நண்பர்களும் அவ்வாறே நகைத்தனர். ஆயினும் நடந்தது அதுவே. அந்த ஒருநாட் பயணத்தில் யாம் கண்டதும் கேட்டதும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியமையால் இங்கே எழுத முற்பட்டோம்.

எமது அன்னையாருக்கு வயது எண்பது. பிள்ளைகளில் மூத்தவரான அக்கா ஜேர்மனியின் பேர்லின் நகரிலும், அண்ணா நோர்வேயின் ஒஸ்லோ நகரிலும் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. கடைக்குட்டியாகிய நாம் மாத்திரம் திருகோணமலையில் தங்கி, தாயாரையும் வீட்டையும் கல்லூரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் ஒன்றுகூடி அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் சில நாட்கள் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. பாரிசில் இறங்கி, ஜெனீவாவைப் பார்த்து, பேர்லின் சென்று, அங்கிருந்து ஒஸ்லோவை அடைவது திட்டம். அக்காவின் மகள் வயிற்றுப் பேர்த்தி, ஏழு வயதுச் சிறுமி, ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து, பூட்டி போகவிருக்கும் வழியைச் சிவப்பு மையினால் குறித்துத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

அந்தச் சிவப்புக் கோட்டில் அன்னையார் கால்வைக்க முடியாமற் போயிற்று. கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், உறுதிகள், பிள்ளைகளின் அழைப்புக் கடிதங்கள் எல்லாம் கட்டி அனுப்பியும், அனுமதி மறுத்து ஒரு பக்கக் கடிதமே பதிலாக வந்தது. பயணம் முடிந்ததும் விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்புவதற்கு இடமில்லையாம். யாம் தமிழிற் சொல்லக் கேட்ட அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “என்னைப் பற்றியோ அப்பிடி எழுதியிருக்கு? இந்தக் கிணத்தடியை விட்டு ஒரு மாதம் நிற்கிறதே எனக்குப் பெரிய காரியம்” என்றார். அன்றிரவு அவர் உணவு கொள்ளாமல் உறங்கப் போனதையும் நாம் கவனித்தோம்.

ஆகவே பிள்ளைகள் இங்கு வந்தார்கள். சென்ற ஆவணி விடுமுறையில் அக்கா, அத்தான், அவர்கள் மகள், அச்சிறுமி, அண்ணா, மச்சாள் ஆகியோர் வந்திறங்க, நான்கு தலைமுறையும் ஒரே கூரையின்கீழ்க் கூடிற்று. எங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டோம். கதிர்காமம் என்பார், நல்லூர் என்பார் என எதிர்பார்த்தோம். “புல்மோட்டைக்கு ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ” என்றார் அவர்.

எமது தந்தையார் புல்மோட்டைக் கனியமணல் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றியவர். அக்காவும் அண்ணாவும் அவ்வாலையின் விடுதியிலே வளர்ந்தவர்கள். நாடு கலவரத்திலும் போரிலும் சிக்கிய 1985ஆம் ஆண்டிலே குடும்பம் திருகோணமலைக்குக் குடிபெயர்ந்தபோது நாம் கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்திருக்கவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வாழும் அவர்களுக்குப் புல்மோட்டை நினைவிருக்கிறது. ஐம்பத்தைந்து கிலோமீற்றர் தூரத்தில் வாழும் எமக்கு அது வெறும் பெயராக இருந்தது.

வடக்கு நோக்கி

விடியற்காலையில் வாடகை வண்டி ஒன்றில் புறப்பட்டோம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதி, கடலை வலப்புறத்தே வைத்துக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்வது. முதலில் வருவது உப்புவெளி. அங்கே வீதியோரத்திலே இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் உண்டு. பசும்புல் தரையில் வரிசை வரிசையாய்க் கற்கள் நிற்கின்றன. அவற்றுட் பல, ஐரோப்பாவில் பிறந்து இம்மண்ணில் அடங்கிய இளைஞர்களுடையவை. அண்ணா வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்லி அக்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இவையளின்ரை தாய்மாரும் ஒரு கடுதாசியைத்தான் கண்டிருப்பினம்” என்று அம்மா மெல்லச் சொன்னார்.

நிலாவெளியைத் தாண்டினோம். கரைக்கு எதிரே புறாத்தீவு தெரிந்தது. மலைப்புறாக்கள் கூடு கட்டுவதால் இப்பெயர் பெற்ற அத்தீவு, சுற்றியுள்ள பவளப் பாறைகளோடு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அடுத்து இறக்கக்கண்டிப் பாலம். பாலத்தின் மீது வண்டி ஏறியதும் அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டார். அவர் காலத்தில் இங்கே பாலமில்லை, “பாதை” இருந்தது. பலகைத் தளமொன்றை மிதக்கவிட்டு, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பற்றி ஆட்கள் இழுத்துச் செல்வதையே இப்பகுதியார் பாதை என்பர். இறக்கக்கண்டி, சலப்பையாறு, புடவைக்கட்டு, யான் ஓயா என்று நான்கு நீர்த்துறைகளைக் கடந்தே அன்று புல்மோட்டையை அடைய வேண்டும். மாரியில் வெள்ளம் வந்தால் பாதை நின்றுவிடும். பயணியும் ஆற்றங்கரையில் நின்றுவிடுவார். “அக்காவைப் பெறுகிறதுக்குத் திருகோணமலைக்கு வந்தபோது இந்தத் துறையிலை மூன்று மணித்தியாலம் காத்து நின்றனான்” என்றார் அம்மா. போர் முடிந்தபின் இத்துறைகளுக்கெல்லாம் பாலங்கள் அமைந்து, வீதியும் செப்பனிடப்பட்டுவிட்டது. இன்று ஒன்றரை மணி நேரத்துள் போய்ச் சேரலாம்.

குச்சவெளியில் கடலோரப் பாறையொன்றில் பழைய சம்ஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. அதற்கு வடக்கே, வீதியிலிருந்து உட்புறமாக அமைந்த திரியாய் பழமையான தமிழ்க் கிராமம். அங்குள்ள குன்றின்மேல், கற்றூண்கள் வட்டமாகச் சூழ நிற்கும் பௌத்த தாதுகோபம் ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள பாறைச் சாசனம் பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், சம்ஸ்கிருத மொழியில் வெட்டப்பட்டது. கடல்கடந்து வந்த வணிகர் இருவரோடு அவ்விடத்தை அது தொடர்புபடுத்துகிறது. இக்கரை பன்னெடுங்காலமாகவே கப்பல்களைக் கண்ட கரை என்பதற்கு அதுவே போதிய சான்று. அம்மாவுக்கு ஏறக் கடினமாயிருக்கும் என்பதால் குன்றைக் கீழேயிருந்து காட்டிவிட்டு மேலே சென்றோம். அனுராதபுர மாவட்டத்தைக் கடந்து வந்து இங்கே கடலைத் தேடும் யான் ஓயாவையும் பாலத்தின் வழியே கடந்தோம்.

அரிசிமலை

புல்மோட்டைக்குச் சற்றுத் தெற்கே அரிசிமலை என்னும் கடற்கரை உள்ளது. மலை என்று சொல்லத்தக்க உயரம் அதற்கில்லை. பாறைக் குன்றின் அடியில் உள்ள மணலைக் கையிலெடுத்துப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும். வெண்மையும் இளமஞ்சளும் கலந்த பருமணிகள், ஒவ்வொன்றும் அரிசி போன்ற அளவும் வடிவமும் உடையன. சிறுமி இரண்டு கையும் கொள்ள அள்ளித் தாயின் மடியிற் கொட்டி, “அம்மா, சோறு” என்றாள். பேர்லினில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் விளங்கும். ஆனால் பேச வாய் கூசும். அன்று அவள் தானாகச் சொன்ன முதற் சொல் அது. அம்மா அவளைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

இந்த அரிசி மணல் கண்ணாடி செய்வதற்குரிய குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லின் துணிக்கை என்று எமது மகன் விளக்கினான். அவன் உயர்தர வகுப்பிலே இரசாயனம் பயில்பவன். தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட எடை அதற்குண்டு. இங்கிருந்து சிறிது தூரம் வடக்கே போனால் மணல் நிறம் மாறிவிடும் என்றும், அதன் எடையும் ஏறத்தாழ இருமடங்காகிவிடும் என்றும் அவன் கூறக் கேட்ட சிறுமி, உடனே புறப்படும்படி எங்களை நச்சரிக்கத் தொடங்கினாள்.

கறுப்பு மணல்

புல்மோட்டையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. மீன்பிடியும் வயலும் ஆலை வேலையும் இவர்களது சீவனோபாயம். ஆலையைச் சூழ வேலி இருக்கிறது. மணல் அகழும் பகுதிக்குள் அனுமதியின்றிச் செல்லலாகாது. ஆதலால் மீனவர் வள்ளங்கள் நின்ற பொதுக் கரைக்கே சென்றோம். அங்கும் கால்வைத்த இடமெல்லாம் கறுப்பாகவே இருந்தது. அலை வந்து திரும்பும்போது எஃகைத் தீட்டினாற் போன்ற ஒரு மினுக்கம். செருப்பைக் கழற்றிய அக்கா, சூடு தாளாமல் துள்ளியோடி அலைக்குள் நின்றுகொண்டு சிரித்தார். அறுபது வயதில் அவர் அப்படிச் சிரித்ததை நாம் முன்பு கண்டதில்லை.

இம்மணல் எங்கிருந்து வந்தது? உள்நாட்டு மலைப்பாறைகள் கோடானுகோடி மழைகளால் அரிக்கப்பட்டு, ஆறுகளால் கடலுக்குக் கொண்டுவரப்படுகின்றன. கடல் அதைக் கரையில் எறிந்து, இலேசானதைத் திரும்ப இழுத்துச் சென்று, பாரமானதை விட்டுச் செல்கிறது. வீட்டில் எமது தாய்மார் சுளகிற் புடைப்பதும் அரிசியைக் கிடாரத்தில் அரிப்பதும் இதே முறைதான். ஆண்டுதோறும் வாடைக்காற்றோடு எழும் பேரலைகள் புதிய கனிமணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்வாறு அரிசிமலைப் பக்கத்திலிருந்து கொக்கிளாய்ப் பக்கம்வரை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளத்துக்குச் சேர்ந்த படிவு, உலகத்தில் இவ்வகை மணல்களுள் மிகச் செறிவானவற்றுள் ஒன்று. இதிலே நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கு இல்மனைற். எஞ்சியதில் ரூற்றைல், சேர்க்கன் ஆகியன முக்கியமானவை. மொனசைற் மிகச் சிறிய அளவில் உண்டு.

இலங்கைக் கனியமணல் கூட்டுத்தாபனம் 1957ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1960களில் இங்கு இல்மனைற் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. கழிவாக எஞ்சிய மணலிலிருந்து மற்றவற்றைப் பிரிக்க அப்பத்தாண்டிலேயே திருகோணமலையின் சீனன்குடாவிலும் ஓர் ஆலை எழுந்தது. இவற்றை எமது மகன் புத்தகத்தில் படித்திருந்தான். ஆனால் பிரிக்கும் முறையை அவனுக்கு விளக்கியவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எமது அன்னையார். “காந்தத்துக்கு வாறது இல்மனைற். காந்தத்துக்கு வராமல் கரண்டுக்கு வாறது ரூற்றைல். இரண்டுக்கும் மசியாமல் நிற்கிறது சேர்க்கன். உங்கடை அப்பப்பா சாப்பிடேக்கை சொல்லுற கதை முழுக்க இதுதான்” என்றார். பேரன் வியப்புற்று வாய்திறந்து நின்றான். காந்த உருளைகளும் மின்புலப் பிரிகருவிகளும் பற்றி அவனுடைய நூல் பல பக்கங்களில் சொன்னதை அவர் மூன்று வசனங்களில் முடித்துவிட்டார்.

சிறுமியின் விளையாட்டுப் பெட்டியில் வலிமை மிக்க ஒரு சிறு காந்தம் இருந்தது. அதை மணலுக்கு மேலே பிடித்தாள். கறுத்த மணிகள் எழுந்து தாடிபோல் தொங்கின. அரிசிமலையில் ஒரு மணிகூட எழாத காந்தம் இங்கே தாடி வளர்த்ததைக் கண்டு அவள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவேயில்லை.

கரையில் நின்றே ஆறு நாடுகள்

அப்போதுதான் சிறுமி தன் வரைபடத்தை விரித்தாள். பூட்டி போகாமல் விட்ட இடங்களை அவருக்குக் காட்டுவதற்காகவே அதை எடுத்து வந்திருந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எல்லாரும் சற்று மௌனமானோம். மௌனத்தைக் கலைப்பதற்காக எமது மகன், “பூட்டிக்கு இந்த மணலாலேயே ஐரோப்பாவைக் காட்டலாம், பார்” என்று பேனையை வாங்கினான்.

முதலில் இங்கிலாந்து. அதன் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் இருந்தார். 1791ஆம் ஆண்டில் மனாக்கன் என்ற ஊரின் ஓடையில் இதுபோன்ற கறுப்பு மணலைக் கண்டு, அதை ஆராய்ந்து, அதற்குள் அதுவரை எவரும் அறியாத ஓர் உலோகம் உண்டென்று அறிவித்தார். அவர் கண்டது காந்தத்தால் ஈர்க்கப்படும் மணல். “நான் செய்ததையா?” என்று சிறுமி ஜேர்மன் மொழியில் கேட்டாள். ஆம், அவள் செய்ததைத்தான்.

இரண்டாவது ஜேர்மனி. நான்கு ஆண்டுகளின் பின், 1795இல், மாட்டின் கிளப்ரோத் என்ற அறிஞர் ரூற்றைலில் அதே உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்து அரக்கர் பெயரால் தைத்தானியம் என்று பெயரிட்டார். அவர் ஆராய்ச்சி செய்த நகரம் பேர்லின். அதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1789இல் அவர் சேர்க்கோனியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தது, இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு சேர்க்கன் கல்லிலேயே. ஆக, எமது அக்கா பேர்லினுக்குப் போவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கைக் கல்லொன்று அங்கே போய்ப் பெயர் வாங்கியிருக்கிறது!

மூன்றாவது ரஷ்யா. இல்மனைற் என்ற பெயர் அந்நாட்டின் யூரல் மலைத்தொடரைச் சார்ந்த இல்மன் மலைகளிலிருந்து வந்தது. நான்காவது சுவீடன். அந்நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் 1828இல், நோர்வேயின் தீவொன்றில் கிடைத்த கனிமத்தில் தோரியத்தைக் கண்டார். மொனசைற்றினுள் இருப்பதும் அத்தோரியமே. ஐந்தாவது ஆஸ்திரியா. அங்கே அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்பவர் 1891இல் தோரியம் கலந்த விளக்கு வலையைச் செய்தார். பெற்றோமாக்ஸ் விளக்கில் நாம் கட்டிய “மென்டில்” அதன் வழிவந்ததே. “எங்கடை கலியாணத்துக்கு ஆறு பெற்றோமாக்ஸ் கொளுத்தினது” என்று அம்மா உடனே சொன்னார். அவ்வலைகளின் தேவை எவ்வளவு பெரிதாயிருந்தது என்றால், 1909இல் ஷோம்பேர்க் என்னும் ஜேர்மானியர், கேரளக் கரையிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் மூலத்தைத் தேடிக் குமரிமுனைக்கு அருகே மணவாளக்குறிச்சியை வந்தடைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, தோரியம் நிறைந்த தோரியனைற் என்ற புதிய கனிமத்தை இந்நாட்டிலேயே கண்டெடுத்திருந்தார். கலைப்புலவராக நாம் போற்றும் அவர், கற்களின் புலவராகவே தொழிலைத் தொடங்கியவர் என்பதை மாணவர்கள் மறத்தல் கூடாது.

ஆறாவது நோர்வே. கறுப்பு இல்மனைற்றிலிருந்து தூய வெண்ணிறச் சாயத்தைத் தொழில்முறையில் செய்யும் வேலை 1916ஆம் ஆண்டளவில் அங்கும் அமெரிக்காவிலும் தொடங்கிற்று. நஞ்சுடைய ஈயவெள்ளைக்கு மாற்றாக அது உலகெங்கும் பரந்தது. சுவருக்குப் பூசும் வெள்ளை, எழுதும் தாளின் வெள்ளை, பற்பசையின் வெள்ளை எல்லாவற்றிலும் இது கலந்திருக்கிறது. இதைக் கேட்ட அண்ணா, காலடி மணலை நெடுநேரம் பார்த்தார். “ஒஸ்லோவிலை நான் முதல் பார்த்த வேலை வீடுகளுக்கு வெள்ளை அடிக்கிறது. இரண்டு வருஷம் அடிச்சன். அப்பா அள்ளின சாமான்தான் அந்த வாளிக்குள்ளை இருந்ததெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை” என்றார்.

எமது நாட்டு மணல் இன்றும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. சாயமாக மாறித் திரும்பும்போது பலமடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். அதை இங்கேயே வெள்ளையாக்கும் அறிவும் ஆற்றலும் எமது மாணவரிடம் ஒருநாள் வரவேண்டும் என்பது ஆசிரியரென்ற முறையில் எமது ஆசை. அந்த ஆசையோடு இன்னொன்றும் சேர்ந்திருப்பதை மறைப்பானேன்? போனவர்களும் இங்கேயே இருந்து பயன்பட வழியிருந்திருந்தால், எமது அன்னையார் ஒரு கடிதத்தின் தயவை நாடியிருக்க மாட்டார்.

தேநீர்க்கடையில்

தந்தையார் இருந்த விடுதியைத் தேடியபோது அது அவ்விடத்தில் இல்லை. சந்தியிலுள்ள தேநீர்க்கடையில் விசாரித்தோம். வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அம்மாவை உற்றுப் பார்த்து எழுந்து நின்றார். “தங்கச்சி, நீங்க பிளான்ற் ஐயாட வீட்டம்மாதானே?” என்று கேட்டார். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, “ஓம் நானா” என்றார். நாற்பது ஆண்டு இடைவெளி அவ்விரு சொற்களில் மறைந்துபோயிற்று.

அவர் தந்தையாரின்கீழ் வேலை செய்தவர். போர்க்காலத்தை அவர் வாயால் கேட்டோம். 1997 செப்டெம்பரில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிற்றி என்ற கப்பல் இக்கடலில் தாக்கப்பட்டு மூழ்கியதும், அதன்பின் ஆலை வேலை தடைப்பட்டதும், 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை புகுந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2009இல் வன்னிக் கடற்கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் ஏற்றி வந்து இக்கரையில் இறக்கினார்கள். அவர்களுக்குச் சிகிச்சை செய்ய இந்திய மருத்துவக் குழுவொன்று மார்ச் மாதத்தில் இங்கேயே மருத்துவமனை அமைத்தது. “எந்த ஊர், என்ன சாதிசனம் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல தம்பி. தண்ணி கேட்டாங்க, குடுத்தம்” என்று சொல்லிவிட்டு அவர் சிறிதுநேரம் பேசாமலிருந்தார். நாங்களும் பேசவில்லை.

பிறகு அவரே முகம் மலர்ந்து தந்தையாரைப் பற்றி ஒன்று கூறினார். வேலை முடிந்து வாயிலைக் கடக்குமுன் தந்தையார் நாள்தோறும் நின்று, காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து, அதிலே சேர்ந்த மணலை உதறிவிட்டே வெளியே வருவாராம். இளைஞரான இவர்கள் அதைக் கேலி செய்வார்களாம். “ஒரு பிடிதான், ஆனால் அது எங்கடை அல்ல” என்பாராம் அவர். நாம் கேட்டறியாத கதை அது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். “எவ்வளவு உதறினாலும் தையலுக்குள்ளை கொஞ்சம் வரும் நானா. தோய்க்கிற வாளியின்ரை அடியிலை கறுப்பாய் நிற்கும். நான் அதை மல்லிகையடியிலை ஊத்துவன். அவருக்குச் சொன்னதில்லை” என்றார். “கிணறு இருக்கு தங்கச்சி, மல்லிகை இல்ல” என்றார் முதியவர். தேநீருக்குக் காசு வாங்கக் கூடாதென்று கடைக்காரருக்கு அவர் இட்ட கட்டளையை எங்களால் மீற இயலவில்லை.

மாலையில் கொக்கிளாய்க் களப்பின் கரைவரை சென்றோம். கிழக்கு மாகாணம் முடிந்து வடமாகாணம் தொடங்கும் எல்லை அது. 1951இல் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை. தூரத்தே நாரைகள் நின்றன. சிறுமி ஒரு போத்தலில் கறுப்பு மணலை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். கனிப்பொருள் யாவும் அரசுக்குரியவை, உத்தரவின்றி எடுத்துச் செல்லலாகாது என்பது 1992ஆம் ஆண்டின் சட்டம் என்று அவளுக்குச் சொன்னோம். பாட்டியின் தந்தை காற்சட்டை உதறிய கதையையும் நினைவூட்டினோம். வண்டியை மீண்டும் கரைக்கு விடச்செய்து, அவள் தன் கையாலேயே போத்தலைக் கவிழ்த்தாள்.

உதறிய மணல்

வீடு வந்து சேர இரவாகிவிட்டது. உணவின் பின் அக்கா மெல்லப் பேச்சைத் தொடங்கினார். வரும் தைமாதம் வேறு வழியாக மறுபடி விண்ணப்பிக்கலாம், ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம் என்றார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “வேண்டாம் பிள்ளை. நாலு பாதை கடந்து போய் வந்த காலத்திலையும் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் விட்டதில்லை. இப்ப பாலம் போட்டாச்சு. எனக்குப் போக ஏலாட்டி, நீங்கள் வாருங்கோ.” ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. அண்ணா மாத்திரம் எழுந்து சென்று, அடுத்த ஆண்டின் நாட்காட்டியைத் தம் கைத்தொலைபேசியிற் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாட் காலையில் எழுந்து பார்த்தபோது அம்மா முற்றத்தில் நின்றார். சிறுமியின் சட்டையைத் திருப்பி, அதன் ஓரத் தையலை விரலால் நீவி, மல்லிகைச் செடியின் அடியில் உதறிக்கொண்டிருந்தார். நாலைந்து கறுத்த மணிகளே விழுந்திருக்கும். அருகிலே சிறுமி திண்ணையில் படத்தை விரித்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஐரோப்பாவுக்குக் கீழே, தாளின் ஓரத்தையும் தாண்டி இன்னொரு தாளை ஒட்டி, அதிலே ஒரு புள்ளி இட்டு, பேர்லினிலிருந்து அப்புள்ளிவரை சிவப்புக் கோட்டை நீட்டியிருந்தாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று பூட்டியிடம் கேட்டாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவள் தமிழில் எழுதினாள். மெய்யெழுத்தின் புள்ளிகளைச் சரியான இடத்தில் வைப்பதற்கு அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

வாசகர்களுக்கு எமது விண்ணப்பம் ஒன்றே. வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் வரும்போது அவர்களைத் தூரத்து ஊர்களுக்கெல்லாம் அழைத்துச் செல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குமுன், வீட்டிலுள்ள முதியவரிடம் அவர் பார்க்க விரும்பும் இடம் யாதென ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.